பிரேசிலுக்கு 7 கோல் விழுந்தது ஏன்? நெய்மர் இல்லாததா... நடுவில் ஆள் இல்லாததா?

உலக கோப்பை கால்பந்து வந்து விட்டால் நம்ம பக்கம் பாதி பேர் பிரேசில் கட்சிதான். வடசென்னை வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்று பட்டப்பெயரே உண்டு. அந்த மஞ்சள் பனியனுக்கு அப்படி ஒரு மவுசு.

அப்படிப்பட்ட பிரேசில், சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன்னாடி 7-1 என்ற கோல் கணக்கில் ஜெர்மனியிடம் மண்ணை கவ்வியது. 2014-ம் ஆண்டு ஜூலை 8-ந்தேதி நடந்த உலக கோப்பை அரைஇறுதி ஆட்டம் அது. நமக்கு அப்போது 9-ந்தேதி அதிகாலை 1.30 மணி. தூக்கத்தை கெடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தவர்கள், நடப்பது நேரடி ஒளிபரப்பா, மறு ஒளிபரப்பா என்று கண்ணை கசக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

இன்றைக்கும் டீக்கடையில் இந்த பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "நெய்மர் மட்டும் இருந்திருந்தா கதையே வேற!"

ஆனால் ஆட்டத்தை மறுபடி நிதானமாக போட்டு பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. ஓட்டை முன்னாடி இல்லை. நடுவில் இருந்தது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

6 நிமிடத்தில் 4 கோல்

பெலோ ஹாரிசோன்ட் நகரில் உள்ள மினெய்ராவ் ஸ்டேடியத்தில் ஆட்டம். 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூடி இருந்தனர். தேசிய கீதம் பாடும்போது கேப்டன் டேவிட் லூயிசும், கோல் கீப்பர் ஜூலியோ சீசரும் காயம்பட்ட நெய்மரின் பனியனை தூக்கி பிடித்து நின்றார்கள். ஸ்டேடியமே உணர்ச்சி பொங்க இருந்தது.

11-வது நிமிடத்தில் தாமஸ் முல்லர் முதல் கோலை அடித்தார். 23-வது நிமிடத்தில் குளோஸ். 24-வது நிமிடத்தில் டோனி குரூஸ். 26-வது நிமிடத்தில் மறுபடியும் குரூஸ். 29-வது நிமிடத்தில் கெதிரா. அரை மணி நேரம் முடிவதற்குள் 5-0.

எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் 4 கோல் விழுந்து விட்டது. கேலரியில் சின்ன பிள்ளைகள் தேம்பி தேம்பி அழுததை உலகமே பார்த்தது.

2-வது பாதியில் மாற்று வீரராக வந்த ஷூர்லே 69, 79-வது நிமிடங்களில் 2 கோல் போட்டார். கடைசியில், 90-வது நிமிடத்தில் ஆஸ்கார் அடித்த ஒரே ஒரு கோல்தான் பிரேசிலுக்கு மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், அன்று கோலை நோக்கி அதிக தடவை பந்தை அடித்தது பிரேசில்தான். பந்து அவர்கள் காலில் இருந்த நேரமும் கிட்டத்தட்ட சரிபாதி. அப்புறம் எப்படி 7 கோல்?

2 பேருக்கு 3 பேர்

முதல் ஓட்டை இதுதான். முக்கியமானதும் இதுதான்.

4-ந்தேதி கொலம்பியாவுடன் நடந்த கால்இறுதியில் நெய்மருக்கு முதுகெலும்பில் அடிபட்டது. அவர் இடத்துக்கு யாரை போடலாம் என்று பயிற்சியாளர் ஸ்கோலரி முன்பு 2 வழிகள் இருந்தன. ஒன்று, கூடுதலாக ஒரு நடுகள வீரரை போட்டு நடுவை கெட்டியாக்குவது. இன்னொன்று, நெய்மர் மாதிரியே முன்னால் ஓடும் இன்னொரு ஆளை போடுவது.

ஸ்கோலரி 2-வது வழியை எடுத்தார். பெர்னார்ட் என்ற குட்டை உருவம் கொண்ட வேகமான வீரரை இறக்கினார். அவர் அதே பெலோ ஹாரிசோன்ட் ஊர்க்காரர். ரசிகர்களுக்கு குஷி. ஆனால் கணக்கு இடித்தது.

பிரேசிலுக்கு நடுகளத்தை காவல் காக்க இருந்தது லூயிஸ் கஸ்டவோ, பெர்னாண்டினோ என 2 பேர்தான். ஜெர்மனிக்கு ஷ்வைன்ஸ்டீகர், கெதிரா, குரூஸ் என 3 பேர். இது போதாதென்று முல்லரும், ஓசிலும் ஓரத்தில் இருந்து நடுவுக்கு வந்து வந்து நின்றார்கள். ஆக 2 பேர் செய்ய வேண்டிய காவலை 5 பேர் வந்து உடைத்தார்கள்.

பெர்னார்ட், ஹல்க், பிரெட் ஆகிய 3 முன்கள வீரர்களும் பந்து போனால் திரும்பி ஓடி வந்து கைகொடுக்கவில்லை. முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், நடுவில் பொட்டல் காடு. அந்த பொட்டலில்தான் ஜெர்மனி வீரர்கள் பயிற்சி ஆட்டம் மாதிரி பந்தை தட்டி தட்டி விளையாடினார்கள்.

கபடி ஆடினவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாடி வருகிறவனை மடக்க கைகோர்த்து சங்கிலியாக நிற்பார்கள். நடுவில் ஒரு கை விட்டுப் போச்சு என்றால் அவ்வளவுதான். பிடிக்கிறவன் எவ்வளவு பலசாலியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வாசலை திறந்து போட்டு விட்டு...

2-வது ஓட்டை, ஓரங்களில். வலது பக்கம் மைகான், இடது பக்கம் மார்செலோ. இருவரும் பின்கள வீரர்கள்தான். ஆனால் தாக்குதலுக்கு ஏறி ஏறி போவதுதான் அவர்களுக்கு பழக்கம்.

அவர்கள் ஏறிப்போவது தப்பு இல்லை. பிரேசில் காலம் காலமாக ஆடும் ஆட்டமே அதுதான். ஆனால் ஒருவர் ஏறினால் அவர் விட்டுப்போன இடத்தை இன்னொருவர் வந்து மூட வேண்டும். அன்று மார்செலோ மேலே போய் பந்தை பறிகொடுத்தால் அவருக்கு பின்னால் இடது பக்கம் முழுவதும் காலி. வீட்டை பூட்டாமல் கோவிலுக்கு போன மாதிரி.

ஜெர்மனி கேப்டன் பிலிப் லாம் அந்த பக்கமாகத்தான் வந்து போனார். 3-வது கோலுக்கும், 6-வது கோலுக்கும் பந்தை உள்ளே அனுப்பியது அவர்தான்.

முல்லரை பிடிக்க ஆள் இல்லை

3-வது ஓட்டை, கார்னர் கிக். முதல் கோலை பாருங்கள். குரூஸ் வலது பக்கம் இருந்து கார்னர் அடிக்கிறார். முல்லர் கூட்டத்தில் இருந்து நழுவி பின்பக்கம் போய் தனியாக நிற்கிறார். அவரை துரத்தி வந்த டேவிட் லூயிஸ் கூட்டத்துக்குள் சிக்கிக்கொண்டார். முல்லர் சாவகாசமாக காலை நீட்டி பந்தை உள்ளே தள்ளினார்.

இந்த இடத்தில்தான் உண்மையில் இல்லாதவர் குறை தெரிந்தது. அவர் நெய்மர் இல்லை, கேப்டன் தியாகோ சில்வா. பின்களத்தில் எல்லோரையும் அதட்டி, இடம் சொல்லி நிறுத்துகிறவர் அவர். கொலம்பியா கோல் கீப்பர் பந்தை அடிக்க விடாமல் குறுக்கே போனதற்காக மஞ்சள் அட்டை வாங்கினார். அது 2-வது மஞ்சள் அட்டை என்பதால் அரைஇறுதியில் ஆட தடை.

அவருக்கு பதில் வந்தவர் டான்டே. இவர் பேயர்ன் முனிச் கிளப் வீரர். அன்று ஜெர்மனி அணியில் இறங்கிய 11 பேரில் 6 பேர் அதே கிளப்பை சேர்ந்தவர்கள். தினமும் கூடவே பயிற்சி எடுத்தவர்கள். டான்டேயின் பலம், பலவீனம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அடி வாங்கியும் நிதானிக்கவில்லை

4-வது ஓட்டைதான் 7 கோலில் கொண்டு போய் விட்டது. ஒரு கோல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்? 5 நிமிடம் எல்லோரும் பின்னால் வந்து, பந்தை பக்கத்து ஆளுக்கு தட்டி, மூச்சு வாங்க வேண்டும். தெரு டீமில் கூட பெரியவர் ஒருத்தர், "டேய், மெதுவா, மெதுவா" என்று கத்துவார்.

அன்று பிரேசிலில் அப்படி கத்த ஆள் இல்லை. கோல் விழ விழ, திருப்பி அடிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு முன்னால் ஓடினார்கள். டேவிட் லூயிஸ் பின்களத்தை விட்டு விட்டு பந்தை துரத்தினார். இடைவெளி இன்னும் அகலமானது.

2-வது கோலில், பந்தை மறிக்க போன பெர்னாண்டினோ தவற விட்டார். முல்லர் தட்டி விட்டதை குளோஸ் அடித்தார். ஜூலியோ சீசர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை மறுபடி அடிக்கும் வரை குளோசை தடுக்க யாரும் இல்லை. உலக கோப்பையில் அது அவருக்கு 16-வது கோல். பிரேசில் நட்சத்திரம் ரொனால்டோவின் 15 கோல் சாதனையும் அதோடு காலி.

4-வது கோல் இன்னும் மோசம். பிரேசில் நடுவில் பந்தை வைத்து ஆட்டத்தை திரும்ப தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பெர்னாண்டினோ காலில் இருந்து குரூஸ் பந்தை பறித்தார். கெதிராவிடம் கொடுத்து, திரும்ப வாங்கி, காலியாக கிடந்த கோலில் அடித்தார்.

ஸ்கோலரி விழித்துக்கொண்டது இடைவேளையில்தான். பவுலினோ, ராமிரெஸ் என 2 நடுகள வீரர்களை இறக்கினார். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அப்போது கணக்கு 5-0.

முன்பே அடித்த எச்சரிக்கை மணி

இது ஒரே நாளில் வந்த வியாதி இல்லை. அதே தொடரில் மெக்சிகோவுடன் 0-0 டிரா. சிலியுடன் பெனால்டி ஷூட்-அவுட்டில்தான் தப்பித்தார்கள். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் சிலி வீரர் அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல் கட்டையில் பட்டு திரும்பாமல் இருந்திருந்தால், பிரேசில் அன்றைக்கே மூட்டை கட்டி இருக்கும்.

கொலம்பியாவுடன் ஜெயித்த ஆட்டத்தில் பிரேசில் செய்த பவுல்கள் 31. அடித்த 2 கோலும் பின்கள வீரர்கள் போட்டவை. அதாவது, நடுவில் இருந்த ஓட்டையை எதிராளியை இழுத்து தள்ளித்தான் அடைத்து வந்தார்கள். ஜெயித்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஜெர்மனிக்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. அல்ஜீரியாவிடம் கூடுதல் நேரம் வரை போய் திணறித்தான் ஜெயித்தது. ஆனால் பயிற்சியாளர் ஜோசிம் லோ உடனே சரி செய்தார். நடுகளத்தில் ஆடிய லாமை அடுத்த ஆட்டத்தில் முதலில் இருந்தே பின்களத்துக்கு மாற்றினார். ஓட்டையை பார்த்து அடைத்தவர்கள் கோப்பையை தூக்கினார்கள். பார்க்காதவர்கள் 7 கோல் வாங்கினார்கள்.

பழி யார் மேல்?

தோல்விக்கு முழு பொறுப்பையும் ஏற்பதாக ஸ்கோலரி சொன்னார். 3-வது இடத்துக்கான ஆட்டத்திலும் நெதர்லாந்திடம் 3-0 என தோற்ற பிறகு பதவியை விட்டு போனார். 2002-ல் இதே பிரேசிலுக்கு உலக கோப்பை வாங்கி கொடுத்தவர் அவர்.

ஆனால் ரசிகர்களின் கோபம் வீரர்கள் மேல்தான் இறங்கியது. பந்தே வராத இடத்தில் நின்ற பிரெட்டை ஸ்டேடியமே கேலி செய்து கூச்சலிட்டது. அந்த தொடரோடு அவர் தேசிய அணிக்கே முழுக்கு போட்டார். 2018 உலக கோப்பையில் பெல்ஜியத்திடம் தோற்றபோது பெர்னாண்டினோ மேல் பட்டு சேம் சைடு கோல் விழுந்தது. நிறத்தை சொல்லி அவரை இன்டர்நெட்டில் அசிங்கமாக திட்டினார்கள்.

பிரேசிலில் இது பழைய கதை. 1950-ல் மரக்கானா ஸ்டேடியத்தில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்று கோப்பையை பறிகொடுத்தபோது, கோல் கீப்பர் பார்போசா மேல் மொத்த பழியும் விழுந்தது. பிரேசிலில் அதிகபட்ச ஜெயில் தண்டனையே 30 வருடம்தான், நான் அதற்கு மேல் அனுபவித்து விட்டேன் என்று அவர் பிற்காலத்தில் வேதனைப்பட்டார். 2000-ம் ஆண்டு அவர் சாகும் வரை அந்த ஒரு கோல் அவரை விடவில்லை.

நெய்மர் இருந்தும் தோற்ற நாள்

"நெய்மர் இருந்திருந்தா..." என்பவர்களுக்கு 2022 உலக கோப்பை பதில் சொல்லி விட்டது. கத்தாரில் நடந்த கால்இறுதியில் குரோஷியாவுக்கு எதிராக நெய்மர் ஆடினார். கூடுதல் நேரத்தில் அருமையான கோலும் போட்டார். 1-0 முன்னிலை. இன்னும் சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தால் அரைஇறுதி.

அந்த நேரத்தில் பிரேசில் வீரர்கள் இன்னொரு கோலுக்கு ஆசைப்பட்டு மேலே ஏறி நின்றார்கள். பந்து பறிபோனது. காலியான இடம் வழியாக குரோஷியா பாய்ந்து வந்தது. 117-வது நிமிடத்தில் பெட்கோவிச் கோல். பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் பிரேசில் அவுட்.

நெய்மர் இருந்தார். கோலும் அடித்தார். ஓட்டை மட்டும் அதே இடத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் ஆடுகிற நம்ம பசங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. டீம் பெரிதாக தோற்று விட்டால் முதலில் திட்டு வாங்குவது கோல் கீப்பர்தான். அடுத்த தடவை அந்த பையனை திட்டுவதற்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டு பாருங்கள். பந்து அவன்கிட்ட வர்ற வரைக்கும் நடுவுல யார் நின்னா?