வன்னீரும் நம் வீட்டுப் பொருள்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடித்தனம் நடத்தும் எவருக்கும் கேத்தலின் அடியில் படியும் வெண்கல் புதியதன்று. வாங்கிய சில வாரங்களில் மெல்லிய ஏடாகத் தோன்றும் அது, சில மாதங்களில் ஓடுபோல் இறுகிவிடுகிறது. குளியலறைத் தூவற்குழாயின் துளைகள் அடைபடுகின்றன. வெந்நீர்த் தாங்கி முனகுகிறது. தோய்த்த துணி விறைத்துப் போகிறது. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று ஒருவரும், "கவனமின்றிப் பாவித்தாய்" என்று மற்றவரும் குறைகூற, வீட்டின் அமைதியே குலைகிறது. உண்மையில் குற்றவாளி கடைக்காரருமல்லர், இல்லத்தலைவியுமல்லர். காரணம் நம் காலடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லே.

நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறு எதுவும் இல்லை. மழைநீரைச் சேமித்துத் தருவது நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கற்பாறையே. வானிலிருந்து விழும் மழைநீர் மென்னீராகும். அது காற்றிலும், அதனினும் மிகுதியாக மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டு வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் பாறையை அரித்து, கல்சியத்தையும் மகனீசியத்தையும் தன்னுடன் சுமந்து வருகிறது. இதுவே வன்னீர். அதனைச் சூடாக்கும்போது வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த கல் மீண்டும் கல்லாகப் படிகிறது. சூடு கூடக்கூடப் படிவும் கூடும்.

வன்மையும் உவர்ப்பும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். கடலோரக் கிணறுகளில் நாவிற்படும் உவர்ப்பு கறியுப்பினால் உண்டாவது. அது உலோகத்தை அரிக்குமேயன்றிக் கேத்தலில் கல்லாகப் படியாது. சவர்க்காரம் நுரைக்காமல் திரைவதும், பருப்பு எளிதில் வேகாதிருப்பதும் வன்னீரின் அடையாளங்கள். வன்மை மட்டுமே உடலுக்குக் கேடு என அஞ்ச வேண்டியதில்லை. கல்சியம் நம் எலும்புக்கு வேண்டிய பொருளே. தீங்கு பெரும்பாலும் வீட்டுக் கருவிகளுக்கும் பணப்பைக்குமே.

அத்தீங்கைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் நீரில் 300 மில்லிகிராம் வன்மை இருப்பதாகவும், நாளொன்றுக்கு 5 லீற்றர் கொதிக்க வைப்பதாகவும் கொள்வோம். அதிற் பாதி மட்டும் படிந்தாலும், ஓராண்டில் கால் கிலோவுக்கு மேற்பட்ட கல் கேத்தலில் சேரும். கல் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலால் நீர் சூடாகக் கூடிய நேரமும் கூடிய மின்சாரமும் செலவாகின்றன. வெப்பம் வெளியேற வழியின்றிச் சூடேற்றும் கம்பி அளவுக்கு மீறிக் காய்ந்து, ஈற்றில் எரிந்துபோகிறது. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை வியர்வை சிந்தி அனுப்பிய பணத்தில் வாங்கிய கருவி இவ்வாறு வீணாவது எத்துணை வருத்தத்துக்குரியது!

இதற்குப் பரிகாரம் எளிது. மின்சாரத்தைத் துண்டித்து ஆறவிட்டபின், கேத்தலில் வினாகிரியும் நீரும் சம அளவில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். தேசிக்காய்ச் சாறும் உதவும். கல் நுரைத்துக் கரையும். பின்னர் நன்கு கழுவி, ஒருமுறை நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். கத்தியாற் சுரண்ட வேண்டாம். மின்கேத்தலை நீரில் அமிழ்த்தவும் வேண்டாம். வினாகிரியை வெளிற்றும் திரவத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

தூவற்குழாயின் தலைப்பைக் கழற்றி வினாகிரியில் ஊறவைக்கலாம். சலவை இயந்திரத்தில், சவர்க்காரத் தூளின் பொதியில் வன்னீருக்கெனக் குறித்த அளவைப் பின்பற்றுங்கள். இயன்றவரை குளிர்நீரிலேயே தோயுங்கள். வெந்நீர்த் தாங்கியைத் தேவைக்கு மேற் சூடாக்காமல், ஆண்டுக்கொருமுறை தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு திறந்து துப்புரவாக்குங்கள். அதனுள் துருவைத் தடுப்பதற்காக ஒரு மகனீசியக் கோல் இருக்குமாயின், அது கரைந்துவிட்டதா என்றும் அவர் பார்க்கட்டும். நீராவி அழுத்திக்குக் கிணற்று நீர் ஆகாது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட நீரையே ஊற்றுங்கள்.

வன்மையை நீக்கும் கருவிகளும் விற்பனைக்கு உண்டு. அவை கல்சியத்தை எடுத்துச் சோடியத்தை நீரிற் சேர்ப்பவை. உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியுள்ளோர் அந்நீரைக் குடிக்கலாகாது. செலவற்ற மென்னீரை ஐப்பசி முதல் மார்கழி வரை வானமே தருகிறது. கூரையைக் கழுவிச் செல்லும் முதல் மழையை விட்டுவிட்டு, பின்வருவதைத் துணியால் வடித்து மூடிவைத்தால் துணி தோய்க்கவும், காய்ச்சிய பின் சமைக்கவும் பயன்படும்.

திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், ஒரு பொருளை உடனே எறிந்துவிடாமல் மீண்டும் பயன்படுத்துவதும் அன்பின் செயலாகலாம் என்று கற்பித்தார். நம் இல்லங்களுக்கு இது எவ்வளவு பொருத்தமானது! முதல் வெள்ளிக்கு முன்னைய நாள் வீட்டைத் துப்புரவாக்கும் குடும்பங்கள், அப்பணியோடு கேத்தலையும் சேர்த்துக்கொள்ளலாம். தந்தையும் பிள்ளைகளும் அதிற் பங்குகொள்ளட்டும். ஒரு போத்தல் வினாகிரியின் விலையில் கருவியும் நீடிக்கும். ஒருவரையொருவர் குறைகூறும் பேச்சும் ஓயும்.