சூடு தாங்கும் வர்ணம்

மோட்டார் வண்டியின் மேற்புறத்தைத் துடைத்து மினுக்குவோர் பலர். குனிந்து அடிப்புறத்தை நோக்குவோர் மிகச் சிலர். அங்கே எஞ்சினிலிருந்து பின்புறம் வரை செல்லும் புகைக்குழாய், கடற்காற்று வீசும் நம் ஊர்களில் விரைவிலே கறள் பிடித்துவிடுகின்றது. கண்டதும், வீட்டுக் கதவுக்கு வாங்கி எஞ்சிய எனாமலைப் பூசிவிடுகின்றோம். சில பயணங்களுக்குள் அது பொசுங்கி நாறிச் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

எனாமலின் வர்ணத்தூளைப் பிணைத்து நிற்பது காபன் சேர்வையாகிய பிசின். சூட்டிலே அது கருகும். சூடு தாங்கும் வர்ணத்தில் உள்ளதோ சிலிக்கோன் பிசின். சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறிக் கோத்த சங்கிலியாதலால் கடுஞ்சூட்டையும் அது பொறுக்கும்.

தகரத்தின் மீது செல்சியஸ் 600 பாகை, 650 பாகை என்று அச்சிட்டிருப்பர். எண் பெரிதானால் வர்ணமும் சிறந்தது என எண்ணுதல் பிழை. எஞ்சினை ஒட்டிய பகுதி, வண்டி மலையேறும்போது 600 பாகையையும் எட்டலாம். பின்னாலுள்ள சைலன்சரோ பெரும்பாலும் 300 பாகையைத் தாண்டுவதில்லை. சிலிக்கோன் வர்ணங்களிற் பல, ஏறக்குறைய 200 பாகையிற் சிறிது நேரம் சுட்ட பின்னரே இறுகும். சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடும் வண்டியின் சைலன்சர் அச்சூட்டைக் காணாமலே இருந்துவிடலாம். அவ்விடத்துக்குக் காற்றிலே இறுகும் வகையே ஏற்றது. கறளைக் கம்பித் தூரிகையாற் களைந்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, மெல்லியதாக இருமுறை பூசவேண்டும். அடியிலே சாதாரண முதற்பூச்சு இடலாகாது; அது கருகினால் மேற்பூச்சும் கூடவே கழன்றுவிடும்.

ஆயினும் குழாய் உள்ளிருந்தும் அரிக்கப்படுகின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. குறுகிய பயணங்களில் அந்நீர் வெளியேறாது சைலன்சரிலே தங்கிவிடும். நாம் கண்ட காரொன்றின் சைலன்சர் புதுப்பூச்சுடன் வெள்ளிபோல் மினுங்கியது. விரலால் அழுத்தியதும் தகடு உள்ளே போயிற்று! அத்தகைய துவாரத்தைப் பூச்சு கண்ணுக்கு மறைக்கும்; வாயுவுக்கு மறைக்காது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வண்டிக்குள் அது புகுந்தால், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை மயங்கியதையும் உறக்கமென்றே நினைப்போம்.

ஆகவே தகரத்தைத் திறக்குமுன், குளிர்ந்த குழாயைச் சுத்தியற் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மூட்டுகளைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தாலோ, எஞ்சினை இயக்கும்போது சீறல் கேட்டாலோ, வேலை ஒட்டுவேலை செய்பவருடையது. வர்ணம் அதற்குப் பின்னர்.