பாட்டு நின்றால் தண்ணீரும் நின்றுவிடும்!

எத்தியோப்பியாவின் தெற்குக் கோடியில், கென்யா எல்லையை ஒட்டிய வறண்ட பூமியில் மாடு மேய்த்து வாழ்கிறார்கள் போரானா மக்கள். ஓரோமோ இனத்தின் ஒரு பிரிவினர். மார்ச் முதல் மே வரை பெருமழை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை சிறுமழை. மற்ற மாதங்களில் மந்தையைக் காப்பாற்றுவது, 'துலா' எனப்படும் ஆழ்கிணறுகள்தான்.

தரையிலிருந்து சரிவாக வெட்டிய பாதையில் மாடுகளே வரிசையாக உள்ளே இறங்குகின்றன. பாதை முடிகிற இடத்தில் களிமண் பூசிய தொட்டி இருக்கிறது. அதற்கும் கீழே, நீர்மட்டம் வரைக்கும் ஆட்கள் ஒருவருக்கு மேல் ஒருவராக நிற்கிறார்கள். நிறைந்த வாளி கைமாறி மேலே ஏறும்; காலி வாளி கீழே இறங்கும். எல்லோருடைய கையும் ஒரே தாளத்தில் ஓடவேண்டும் என்பதால், பாடிக்கொண்டே இறைக்கிறார்கள். அந்தக் காலத்துத் தோல் வாளிக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் வந்துவிட்டது. பாட்டு மட்டும் மாறவில்லை.

கிணற்றை முதலில் தோண்டியவரின் வழிவந்தவருக்கு 'அப்பா எலா' என்று பெயர். அதாவது, கிணற்றுக்குத் தந்தை (அவர்கள் மொழியிலும் 'அப்பா' என்றால் தந்தைதான்). எந்த மந்தை எந்த நாளில் குடிக்கலாம் என்று முறை வைப்பவர் 'அப்பா ஹெரேகா'. கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மாடுகளுக்குத் தண்ணீர். முறை மீறுபவரை ஊர் கூடி விசாரிக்கும். தண்ணீரை விலைக்கு விற்பது மரபில் கிடையாது. தூர் வாரவும் இறைக்கவும் உழைப்பைத் தரவேண்டும்.

மந்தையையும் இரண்டாகப் பிரித்து வைக்கிறார்கள். கறவைகளும் கன்றுகளும் வீட்டருகே இருக்க, வறட்டு மாடுகளை இளைஞர்கள் தொலைதூரம் ஓட்டிப் போகிறார்கள். கன்றுகளுக்கென்றே வேலியடைத்த புல்வெளியும் உண்டு. மாடுகளை இழந்த குடும்பத்துக்கு, குலத்தார் கூடி ஆளுக்குக் கொஞ்சம் மாடு கொடுத்துக் கைதூக்கிவிடும் வழக்கத்துக்கு 'பூசா கொனோஃபா' என்று பெயர். இவற்றையெல்லாம் கட்டிக்காப்பது, 8 ஆண்டுக்கு ஒருமுறை தலைமை மாறும் 'கடா' ஆட்சிமுறை. 2016-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துப் புதரை ஒடுக்குவது இவர்களின் பழைய வழக்கம். 1970-களில் அரசு அதைத் தடை செய்தது. மேய்ச்சல் நிலம் தெரியாதவர்கள் போட்ட உத்தரவு என்றுதான் சொல்லவேண்டும். புதர் மண்டியது, புல் குறைந்தது. அதற்குமேல் 2020 கடைசியில் தொடங்கி, அடுத்தடுத்து 5 மழைப்பருவம் பொய்த்தது. மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. 'பூசா கொனோஃபா' கைகொடுக்க, கொடுப்பவரிடமாவது மாடு இருக்கவேண்டுமே? அந்த வறட்சியில் கொடுப்பவரும் கேட்பவரும் ஒரே நிலையில் நின்றார்கள்.

பல குடும்பங்கள் இப்போது ஒட்டகமும் ஆடும் வளர்க்கின்றன. புதர்த் தழை ஒட்டகத்துக்குப் போதும். தண்ணீர் இல்லாமலும் பல நாள் தாங்கும். ஆனாலும் கோடை வந்தால், மிஞ்சிய மாடுகள் முறைப்படி அதே கிணற்றுப் பாதையில்தான் இறங்குகின்றன.