காலையில் பிழிந்த ஜூஸ் மாலையில் கசப்பது ஏன்?

பன்னீர் திராட்சையைக் கொதிநீரில் போட்டு மசித்து வடிகட்டுங்கள். ஆறியதும் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால், ஊதா நிறம் பளிச்சென்று சிவப்புப் பக்கம் சாயும். திராட்சைத் தோலிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பு ஏற ஏறச் சிவக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எலுமிச்சைக்கு அதைவிட நல்ல ஜோடி இல்லை என்பது என் கட்சி.

இதே ஜூஸை மாலைவரை வைத்திருந்தால் கசக்கிறதே, ஏன்? எலுமிச்சையின் விதையிலும் தோலின் உள்பக்க வெள்ளைப் பகுதியிலும் ஒரு சேர்மம் இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்வரை அதற்குக் கசப்பே கிடையாது. பிழியும்போது செல்கள் உடைந்து அது புளிப்புச் சாற்றில் கலக்கிறது. அங்கே மெல்ல மெல்ல லிமோனினாக மாறுகிறது. கசப்பது அந்த லிமோனின்தான். மாற்றத்துக்குச் சில மணி நேரம் பிடிப்பதால், உடனே குடிப்பவருக்குத் தெரியாது. அதனால் விதையை அப்போதே எடுத்துவிடுங்கள். தோல் நசுங்கும்வரை மாங்கு மாங்கென்று பிழியவும் வேண்டாம்.

உப்பு ஒரு சிட்டிகை போதும். அதிலுள்ள சோடியம் நாக்கில் கசப்பை அமுக்கிவிடும். இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். வியர்வையில் போன உப்பிலும் கொஞ்சம் திரும்பும்.

சர்க்கரையை ஐஸ் போடுமுன்பே கரைத்துவிடுங்கள். குளிர்நீரிலும் கரையும்தான், ஆனால் நேரமெடுக்கும். அவசரப்பட்டால் அடியில் தங்கிய இனிப்பெல்லாம் கடைசி டம்ளர்காரருக்கே போய்ச்சேரும்.