வகுப்பறையில் தோழமை

ஒருவரையொருவர் மதித்து நடக்க வேண்டும் என்று பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லாத நாளில்லை. கேட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தால், ஒரே தெருக்காரர்கள் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். சொற்பொழிவு செய்யாததைச் சிறு ஏற்பாடுகள் செய்யும் என்பது என் கருத்து.

உணவையே எடுத்துக்கொள்வோம். 1956-இல் காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் பசி தீர்க்க ஏற்பட்டவை. ஆயினும் ஒரே உலையில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும்போது, 'இன்னார் வீட்டில் தண்ணீர் குடிக்காதே' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் கூச்சம் விட்டுப்போகிறது.

இதற்கு நேர்மாறான ஏற்பாடுகளும் உண்டு. நான் படித்த பள்ளியில் உதவித்தொகைப் படிவம் வந்ததும், "எஸ்.சி. பையன்கள் எழுந்திருங்கள்" என்று வகுப்பிலேயே சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்; அந்தத் தொகையின்றி மிதித்திருக்க மாட்டேன். ஆனால், எழுந்து நின்ற அந்த ஒரு நிமிடத்துக்குப்பின், அதுவரை என்னைப் பெயர் சொல்லி அழைத்த சிலர் அழைப்பதையே விட்டுவிட்டார்கள். ஆசிரியர் கெட்டவரல்லர், அவருக்கு வேலை சுருக்கமாக முடிந்தது, அவ்வளவே!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீட்டில் வெட்டப்பட்டனர். வெட்டியவர்களில் உடன் படித்தவர்களும் இருந்தனர். அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது. உதவித்தொகை பற்றி வகுப்பில் அறிவிக்காமல் தலைமையாசிரியர் அறையில் தனியே சொல்ல வேண்டும். மாணவர்களை அகர வரிசையில் அமர்த்த வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில.

அகர வரிசையால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர் எங்கள் இயற்பியல் ஆய்வகத்துக்கு வரலாம். பெயர் வரிசைப்படி இருவருக்கு ஒரு தனி ஊசல். ஒருவன் அலைவுகளை எண்ண, மற்றவன் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடிப்பான். எண்ணிக்கை பிசகினால் புவியீர்ப்பு முடுக்கம் தாறுமாறாக வரும். இருவருக்கும் மதிப்பெண் போகும். எனக்கு வாய்த்த கூட்டாளி முதல் வாரம் "நீங்க எண்ணுறீங்களா?" என்றான். மூன்றாம் வாரம், "டேய், ஒழுங்கா எண்ணுடா!" என்றான்.