1,400 கிலோமீட்டர் சுத்திப் போய், ரெண்டு மணி நேரம் முன்னாடியே இறங்கின விமானம்

டெல்லியிலேர்ந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம்னு தேடினா, சுமார் 12,400 கிலோமீட்டர்னு வரும். பூமி உருண்டை மேல ரெண்டு ஊருக்கும் நடுவுல நூலை இழுத்துப் பிடிச்சா கிடைக்கிற தூரம் அது. வட துருவத்தை ஒட்டிப் போகும். சில தளங்கள் இதை 900ஆல வகுத்து, பதினாலு மணி நேரத்துக்குள்ள ஒரு பயண நேரத்தையும் போட்டுடும். அதை நம்பி மாமாவை ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லிடாதீங்க.

2016 அக்டோபர். அதுவரைக்கும் ஏர் இந்தியாவோட டெல்லி-சான் பிரான்சிஸ்கோ விமானம் ஐரோப்பா, அட்லாண்டிக்னு மேற்கால போயிட்டிருந்தது. அந்த வழி சுமார் 13,900 கிலோமீட்டர். அதை விட்டுட்டு கிழக்கால, பசிபிக் மேல அனுப்பினாங்க. 15,300 கிலோமீட்டர். பாத்தா சுத்து வழி. ஆனா பதினாலரை மணி நேரத்துல போய்ச் சேர்ந்துடுச்சு, பழைய வழியை விட ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் கம்மி!

எப்படி? வகுத்துப் பாப்போம். கிழக்கு வழியில மணிக்கு சராசரி 1,055 கிலோமீட்டர். மேற்கு வழியில 842தான் வருது. பைலட் ஒண்ணும் விரட்டி ஓட்டலை. காத்துக்குள்ள விமானத்தோட வேகம் ரெண்டு தடவையும் 900 வாக்கில்தான். ஒரு தடவை அந்தக் காத்தே பின்னாலேர்ந்து தள்ளுது, இன்னொரு தடவை எதிர்த்து நிக்குது.

இந்தக் காத்துக்குப் பேரு ஜெட் ஸ்ட்ரீம். தரையிலேர்ந்து ஒன்பது, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துல, மேற்கேயிருந்து கிழக்கே ஓடுது. விமானமும் கிட்டத்தட்ட அதே உயரத்துலதான் பறக்குது. வெப்பமான பகுதிக்கும் குளிரான பகுதிக்கும் வித்தியாசம் கூடக்கூட இது வேகம் எடுக்கும். அதனால குளிர்காலத்துல ரொம்ப பலம், ஜப்பான் பக்கம் கேக்கவே வேண்டாம்.

"பூமி சுத்துதே, மேல போயிட்டா ஊரு தானா கீழ வந்துடாதா?"ன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். வராது. காத்தும் பூமியோட சேர்ந்துதான் சுத்துது, விமானம் அந்தக் காத்துக்குள்ள இருக்கு. ஆனா பூமி சுத்துறதுக்கு இந்த ஜெட் ஸ்ட்ரீம்ல பங்கே இல்லைன்னும் சொல்ல முடியாது. நிலநடுக்கோட்டுப் பக்கம் தரை வேகமா சுத்துது. அங்கேருந்து துருவத்தைப் பாத்து நகர்ற காத்து, அந்தக் கிழக்கு வேகத்தை விடாம கொண்டு போகும். போற இடத்துல தரை மெதுவா சுத்துறதால, காத்து தரையை முந்திடும்.

எரிபொருள் கணக்கும் இதுல இருக்கு. கீழ எத்தனை கிலோமீட்டர் கடந்தோம்னு என்ஜினுக்குத் தெரியாது. மேல எத்தனை மணி நேரம் இருந்தோமோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் குடிக்கும். அதான் தூரம் கூடினாலும் கம்பெனிக்கு லாபம்.

டிக்கெட்ல போட்டிருக்கிற நேரம் இன்னொரு ரகம். கேட்டை விட்டு நகர்றதுலேர்ந்து, அங்க கேட்ல போய் நிக்கிற வரைக்கும் உள்ள நேரம் அது. ரன்வேக்கு வரிசையில நிக்கிறதும் அதுலயே அடக்கம்.

கடிகாரத்தைப் பாத்தா இன்னும் குழப்பம். பசிபிக் மேல போன அந்த விமானம் அக்டோபர் 16ஆம் தேதி விடியக்காலை 4 மணிக்கு டெல்லியில கிளம்புச்சு. நடுவுல தேதிக் கோட்டைத் தாண்டினதும் 15ஆம் தேதி ஆயிடுச்சு. இறங்கினது மறுபடி 16, காலை ஆறரை வாக்கில. கடிகாரப்படி ரெண்டரை மணி நேரப் பயணம்!

திரும்பி வரும்போது அட்லாண்டிக் வழியா வந்தா, அப்பவும் கிழக்கு நோக்கித்தான், அப்பவும் காத்து சாதகம்தான். டெல்லியில கிளம்பி டெல்லியில இறங்கும்போது உலகத்தையே ஒரு சுத்து சுத்தியாச்சு. பாஸ்போர்ட்ல மட்டும் ரெண்டே நாட்டு முத்திரை.