பெயர் ஒன்று, வேகம் வேறு

என் தங்கை மகன் கட்டடக் கலை படிக்கிறான். சென்ற ஆண்டு அவனுக்காக ஒரு மடிக்கணினி வாங்கினோம். அதற்காகத் தங்கையின் வளையல்கள் அடகுக்குப் போயின. மெல்லியது, எடை குறைந்தது, நல்ல கிராபிக்ஸ் கார்டு கொண்டது என்று கடையில் காட்டிய ஒன்றைத் தலையசைத்து ஏற்றவன் நான்தான். இரண்டு மாதம் கழித்து அவன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, என் அறை நண்பனின் கணினியிலும் இதே கார்டுதான் இருக்கிறது. அவனுக்குப் பத்து நிமிடத்தில் உருவாகிற முப்பரிமாணப் படம் எனக்கு மட்டும் பதினான்கு நிமிடம் எடுக்கிறதே, ஏன்?"

அந்த நண்பனின் கணினி தடித்தது; தூக்கிச் செல்லச் சிரமமானது; விலையும் குறைவு. கடைசி விவரத்தைத் தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

விடை தேடியபோது புரிந்தது இதுதான்: மடிக்கணினியில் கிராபிக்ஸ் கார்டின் பெயர் அதன் திறனைச் சொல்வதில்லை. எவ்வளவு மின்சாரம் அதற்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதே சொல்கிறது.

கிராபிக்ஸ் சில்லுக்குள் ஆயிரக்கணக்கான சிறு கணக்கிடும் அலகுகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அவை இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற முடிந்த அளவுக்குத்தான் சில்லு ஓட முடியும். மேசைக் கணினியில் அதற்குத் தாராளமான இடம் உண்டு. பெரிய கார்டுகளில் உலோகத் தகடுகளும் மின்விசிறிகளும் சேர்ந்து எடை இரண்டு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அதே வேலையை மடிக்கணினியில் விசைப்பலகைக்கு அடியிலுள்ள ஒரு விரற்கடை உயரத்துக்குள் முடிக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தினால் அந்த இடமும் அடைபட்டுப் போகும்.

என்விடியா நிறுவனம் வெளியிட்டுள்ள எண்களையே பார்ப்போம். மேசைக் கணினிக்கான ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டில் 16,384 கணக்கிடும் அலகுகள், 24 ஜி.பி. நினைவகம், மின்தேவை 450 வாட். மடிக்கணினிக்கான 4090-இல் 9,728 அலகுகள், 16 ஜி.பி.; மின்தேவை 80 முதல் 150 வாட் வரை. இரண்டும் ஒரே சில்லின் இரு வடிவங்கள்கூட அல்ல. மடிக்கணினியின் 4090-க்குள் இருப்பது, மேசைக் கணினியில் 4080 என்ற பெயரில் விற்கப்பட்ட சில்லு. அடுத்த தலைமுறையில் இடைவெளி இன்னும் அகன்றது. மேசை 5090-இல் 21,760 அலகுகள், 575 வாட். மடிக்கணினி 5090-இல் 10,496 அலகுகள், அதே 150 வாட் எல்லை.

இதைக் கொண்டு மடிக்கணினியை மட்டமாக எண்ணுவது நியாயமாகாது. சில்லு செலவிடும் மின்திறன் அதன் துடிப்பு வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசியாகக் கிடைக்கும் சிறிதளவு வேகத்துக்குத்தான் மின்சாரம் அள்ளி இறைக்கப்படுகிறது. அதனால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஓடும் கார்டின் வேகம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதில்லை. பொறியாளர்களின் இந்தச் சாதனையில் எனக்குக் குறையேதும் இல்லை. என் குறை பெயர் வைத்தவர்கள்மீது.

2016-க்கு முன் மடிக்கணினிக் கார்டுகளின் எண்ணுக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து இருந்தது. 980 வேறு, 980எம் வேறு. அந்த ஆண்டு வந்த 10 வரிசையில் அந்த எழுத்து நீக்கப்பட்டது. அன்று அதற்கு நியாயமும் இருந்தது: ஜி.டி.எக்ஸ். 1080 கார்டின் இரு வடிவங்களிலும் அலகுகள் 2,560தான். மேசைக் கார்டே 180 வாட்டில் அடங்கியது. பின்னர் மேசைக் கார்டுகளின் மின்பசி ஆண்டுதோறும் வளர்ந்தது. மடிக்கணினியின் உடலோ அப்படியே இருந்தது. வேற்றுமை திரும்பிவிட்டது, எழுத்து திரும்பவில்லை. 2017-இல் மெல்லிய கணினிகளைக் குறிக்க வந்த 'மேக்ஸ்-கியூ' என்ற பின்னொட்டும் 2021-இல் கார்டின் பெயரிலிருந்து மறைந்தது. இன்று அதிகாரபூர்வப் பெயரில் 'லேப்டாப் ஜி.பி.யு.' என்ற சொற்கள் இருக்கின்றன என்பது உண்மைதான். கடையின் விலை அட்டையில் நான் அவற்றைக் கண்டதில்லை. கண்டாலும், இது மேசைக் கணினியினுடையது அல்ல என்று மட்டுமே அவை சொல்லும். இரண்டு மடிக்கணினிகளுக்கு இடையிலான வேறுபாட்டை அவை சொல்லா.

நடுத்தரக் குடும்பங்கள் ஏமாறும் இடம் அதுதான். மடிக்கணினிக்கான 4060, 4070 இரண்டுக்கும் 35 முதல் 115 வாட் வரை என்று வரம்பு தரப்பட்டுள்ளது. அதற்குள் எங்கே நிறுத்துவது என்பது கணினித் தயாரிப்பாளரின் விருப்பம். முழு மின்சாரம் பெறும் 4060, பட்டினி போடப்பட்ட 4070-ஐ முந்திவிடக்கூடும். கூடுதல் விலை கொடுத்துப் பெரிய எண்ணை வாங்கியவருக்கு இது தெரிய வழியில்லை. பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியாது. பெரும்பாலான மடிக்கணினிகளில் இந்தச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

பொருளின் தரம், அளவு, திறன் ஆகியவற்றை அறிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குளிர்சாதனக் கருவி வாங்கும்போது, அது ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் எடுக்கும் என்பதை நட்சத்திர முத்திரையிலேயே படித்துவிடுகிறோம். மடிக்கணினிப் பெட்டியில் 'கிராபிக்ஸ்: 60 வாட்' என்று ஒரே ஒரு வரி அச்சிடுவதில் என்ன தடை? அந்த எண்ணைத் தயாரிப்பாளர்கள் அறிவார்கள். பலர் அதைத் தங்கள் இணையதளத்தின் அடிக்குறிப்பில் போட்டும் வைத்திருக்கிறார்கள்.

வாங்கி முடித்தவர்கள் என்விடியாவின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' பகுதியைத் திறந்தால், அதிகபட்ச கிராபிக்ஸ் மின்திறன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மருமகனுக்குத் தொலைபேசியிலேயே வழி சொன்னேன். அவனுடையதில் 60 வாட், நண்பனுடையதில் 140 வாட். கணினி 'அமைதி' நிலையில் வைக்கப்பட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதை மாற்றி, மின்னிணைப்பிலேயே வைத்து, அடியில் காற்று புகும்படி இரண்டு கட்டைகளையும் கொடுத்தான். பதினான்கு நிமிடம் பன்னிரண்டாகக் குறைந்தது. மீதி இரண்டு நிமிடம் அந்தக் கணினியில் இல்லை. வளையல்களைத் திருப்ப இன்னும் ஏழு தவணை இருக்கிறது.